மொன் பிளாங்: பனியாறு திருப்பிக் கொடுத்தவை

அன்றாடப் பத்திரிகைக்கு ஆயுள் ஒருநாள் என்பார்கள். மறுநாள் அது கடையில் சரை சுற்றத்தான் பயன்படும். ஆனால் 1966 ஜனவரியில் அச்சான இந்தியப் பத்திரிகைகள் சில 54 ஆண்டுகள் பனிக்குள் கிடந்து, 2020ஆம் ஆண்டுக் கோடையில் பிரான்ஸ் நாட்டின் பொசோன் பனியாற்றில் வெளிப்பட்டன. இந்திரா காந்தி பிரதமராகத் தெரிவான செய்தியை அவற்றில் வாசிக்கக்கூடியதாக இருந்தது. அவ்வாண்டு ஜனவரி 24இல் மொன் பிளாங் மலையில் மோதிச் சிதறிய 'கஞ்சன்ஜங்கா' என்ற எயர் இந்தியா விமானம் சுமந்து வந்தவை அவை. அணு விஞ்ஞானி ஹோமி பாபா உட்பட அதிலிருந்த 117 பேரும் மாண்டனர். அச்செய்தியை வாசித்த நாள் முதலாக அந்த மலையின் வரலாற்றைத் தேடிப் படித்து வருகிறேன்.

ஏறத்தாழ 4,806 மீற்றர் உயரமான அம்மலையின் உச்சியை மனிதர் முதன்முதலாக எட்டியது 1786 ஓகஸ்ட் 8ஆம் திகதி. ஷமோனி கிராமத்து வைத்தியர் பக்கார்ட், பளிங்குக்கல் தேடித் திரிந்த பால்மா ஆகிய இருவருமே அவர்கள். கயிறுமில்லை, ஏணியுமில்லை. கோடையே மலையேறுவதற்குரிய காலம் என்பது அன்றே உறுதியாயிற்று.

ஆயினும் கோடையிலும் புதுப்பனி விழும். 1820 ஓகஸ்டில் ரஷ்யாவிலிருந்து வந்த டொக்டர் ஹாமெல் தலைமையில் ஒரு குழு ஏறியது. வானிலையைக் கண்டு வழிகாட்டிகள் தயங்கினர். கூலி கொடுப்பவர் விடவில்லை. (எசமான் அவசரப்பட, உயிரைக் கொடுப்பவன் வேறொருவன் என்பது மலைக்கு மட்டும் உரிய வழக்கமன்று.) உச்சிக்குக் கீழே, பழக்கமில்லாத புதுப்பனி பெயர்ந்து சரிந்தது. வழிகாட்டிகள் மூவர் பனிப்பிளவினுள் புதையுண்டனர். ஹாமெல் உயிர் தப்பினார். மறு ஆண்டே ஷமோனி வழிகாட்டிகள் தமக்கென ஒரு சங்கத்தை அமைத்துக்கொண்டனர்.

பனியாறு உறைந்து நிற்பதுபோலத் தோன்றினாலும் அது ஓடிக்கொண்டே இருக்கிறது. அதன் வேகத்தை ஆராய்ந்த ஸ்கொட்லாந்து அறிஞர் ஃபோர்ப்ஸ், அம்மூவரின் எச்சங்கள் சுமார் 40 ஆண்டுகளில் கீழே வந்து சேருமென முன்கூட்டியே கணித்திருந்தார். அவ்வாறே 1861இல் அவை பனியாற்றின் அடிவாரத்தில் வெளிப்பட்டன. அன்று உயிர் தப்பிய வழிகாட்டிகளுள் ஒருவர், முதியவராக வந்து நின்று தம் தோழர்களை அடையாளம் காட்டினார். அந்தக் கணக்கின் துல்லியத்தைவிட, அக்கிழவர் நின்ற நிலையே என் மனதை விட்டு அகல மறுக்கிறது.

இன்று பெரும்பாலோர் ஏறுவது கூத்தே வழியாக. தெத் ரூஸ் விடுதிக்கும் கூத்தே விடுதிக்கும் இடையே, கல் உருளும் ஒரு செங்குத்துப் பள்ளத்தைக் குறுக்கே கடந்தாக வேண்டும். 1990க்கும் 2017க்கும் இடையில் அப்பகுதியில் இறந்தோர் 100க்கும் அதிகம். அங்கே பாறைகளை ஒட்டிவைக்கும் பசை பனிதான். பள்ளத்தில் பனி நிறைந்திருந்தால் தளர்ந்த கல்லையும் அது பிடித்துவைக்கும். பாறை வெடிப்புகளுக்குள் உறைந்த நீரோ ஆண்டுக்கணக்கில் உருகாமல் மலையையே கட்டிவைத்திருந்தது. வெப்பம் மிகுந்த ஆண்டுகளில் மேற்பனி விரைவிலேயே கரைந்துபோக, உள்ளிருக்கும் பனியும் இளகத் தொடங்குகிறது. ஆகவேதான் விடியுமுன் கடந்துவிடு என்பார்கள். கடும் கோடையில் இரவுகூட உறைவதில்லையாயின் அந்த அறிவுரையாலும் பயனில்லை.

2022இல் நடந்தது அதுவே. ஜூலையில் வழிகாட்டிகள் அவ்வழியே ஆட்களை அழைத்துச் செல்வதை நிறுத்தினர். அப்படியும் சிலர் தாமாகவே ஏறினர். சினங்கொண்ட சென் ஜெர்வே நகர முதல்வர், ஏற விரும்புவோர் 15,000 யூரோ பிணைப்பணம் கட்டவேண்டுமென அறிவித்தார்: மீட்புக்கு 10,000, அடக்கச் செலவுக்கு 5,000. அது சட்டமாகவில்லை. ஓகஸ்ட் தொடக்கத்தில் இரு விடுதிகளின் கதவுகளும் மூடப்பட்டன. பக்கார்டும் பால்மாவும் உச்சியில் நின்ற அதே மாதம்.