ஈதரின் வரலாறு: மறைபொருள் பொதுப்பொருளான கதை

சத்திரவைத்தியரின் திறமை அவரது கையின் விரைவைக் கொண்டு அளக்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது. நோயாளியைப் பலர் அமுக்கிப் பிடித்திருக்க, அவரது அலறலுக்கிடையே உறுப்பு அறுத்து அகற்றப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்நிலையை மாற்றியமைத்த பொருள்களுள் முதன்மையானது ஈதர். ஆயினும், அது அந்நூற்றாண்டிற் கண்டறியப்பட்ட புதுப்பொருளன்று என்பது சிந்தனைக்குரியது.

ஜேர்மனியரான வலேரியஸ் கோடஸ் 1540ஆம் ஆண்டளவிலேயே மதுசாரத்தையும் சல்பூரிக்கமிலத்தையும் கலந்து காய்ச்சி வடித்து ஈதரைப் பெறும் முறையை விவரித்தார். அவர் காலத்தவரான பரசெல்சஸ், இதனை உண்ட கோழிகள் உறங்கிப் பின்னர் தீங்கின்றி விழித்தெழுவதைக் குறித்து வைத்தார். இன்றைய ஆய்வுகூட முறையும் அடிப்படையில் அதுவே. மதுசாரத்தைச் செறிந்த சல்பூரிக்கமிலத்துடன் ஏறத்தாழ 140 பாகை செல்சியசுக்கு வெப்பமேற்றின் ஈதர் உண்டாகும். வெப்பநிலை 170 பாகையை அணுகின் எதிலீனே மிகும். நிறமற்ற இத்திரவம் 34.6 பாகையிற் கொதிப்பது. உடல் வெப்பநிலையினும் தாழ்ந்த இக்கொதிநிலையே அதனை விரைவில் ஆவியாக்கி மூச்சோடு கலக்கச் செய்கின்றது. உறக்கந்தரும் இயல்பு அறியப்பட்டிருந்தும், மூன்று நூற்றாண்டுகளாக அது சத்திரசிகிச்சைக்குப் பயன்படாதிருந்தது ஏன்? ஒரு பொருளை அறிதல் வேறு. அதன் பயனை உலகறிய நிறுவுதல் வேறு என்பதே இதற்கு விடையாகும்.

1842ஆம் ஆண்டு மார்ச் 30ஆம் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில், குரோபோட் லோங் என்னும் வைத்தியர் ஈதரை முகரச் செய்து ஒருவரின் கழுத்துக் கட்டியை வலியின்றி அகற்றினார். ஆனால், அதனை அவர் 1849 வரை வெளியிட்டாரில்லை. அவரது மௌனத்தால் அவரது அறிவு அவ்வூரெல்லையைக் கடக்கவில்லை.

பொஸ்ரன் நகரப் பல்வைத்தியர் வில்லியம் மோட்டனின் வழி வேறு. 1846 ஒக்டோபர் 16ஆம் திகதி, மசச்சூசெற்ஸ் பொது வைத்தியசாலையில் அவர் மயக்கங்கொடுக்க, ஜோன் வொறன் சத்திரசிகிச்சையை நிகழ்த்தினார். மோட்டன் அம்மருந்துக்கு 'லெதியோன்' எனப் பெயரிட்டு, நிறமும் மணமும் ஊட்டி அதன் இயல்பை மறைத்தார். இரசாயன அறிஞர் சாள்ஸ் ஜக்சனுடன் சேர்ந்து காப்புரிமையுங் கோரினார். ஆயினும், ஈதரின் மணம் எளிதில் மறையுந் தன்மையதன்று. நவம்பர் 7ஆம் திகதி கால் அகற்றும் சத்திரசிகிச்சை ஒன்று நிகழவிருந்தபோது, இரகசிய மருந்தைக் கையாள வைத்தியர்கள் இணங்கவில்லை. அது ஈதரே என மோட்டன் ஒப்புக்கொண்ட பின்னரே மயக்கங்கொடுக்க அனுமதிக்கப்பட்டார். அவ்வொப்புதலே ஈதரைப் பொதுவுடைமையாக்கியது எனலாம். அதே மாதம் ஹென்றி பிகெலோவின் கட்டுரை வெளிவந்தது. டிசெம்பர் 21ஆம் திகதி இலண்டனில் ரொபேட் லிஸ்ரன் ஈதரின் துணையுடன் கால் ஒன்றை அகற்றினார்.

புகழுரிமை பற்றிய பூசலோ பல்லாண்டுகள் தொடர்ந்தது. மோட்டனும் ஜக்சனும் பகைவராயினர். அமெரிக்கக் காங்கிரசில் ஆராயப்பட்ட ஒரு இலட்சம் டொலர் பரிசு எவருக்குங் கிட்டவில்லை.

ஈதரின் ஆவி காற்றினும் பாரமானது. தரையோடு பரவி எளிதில் தீப்பற்றுவது. எனவே, 1956இல் தீப்பற்றாத ஹலோதேன் பயன்பாட்டிற்கு வந்தபின், சத்திரசிகிச்சைக் கூடங்களில் ஈதரின் இடம் படிப்படியாகச் சுருங்கியது. கொழுப்புகளைப் பிரித்தெடுக்குங் கரைப்பானாக அது ஆய்வுகூடங்களில் நிலைத்துள்ளது.

1868இல் பொஸ்ரன் பூங்காவில் ஈதருக்கு ஒரு நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டது. அதிற் கண்டுபிடித்தவர் என எவரது பெயரும் பொறிக்கப்படவில்லை. உலகறிய அது நிறுவப்பட்ட வைத்தியசாலையின் பெயரே காணப்படுகின்றது. பூசலுக்கு அஞ்சிய மௌனமாக அது தோன்றலாம். எனினும், வரலாற்று நோக்கில் அதுவே பொருத்தமான தீர்ப்பாகும். அறிவு பிறர் சோதித்துப் பார்க்குமாறு வெளிப்படுத்தப்படும்போதே மானிடத்தின் உடைமையாகின்றது.