சவப்பெட்டியில் ஒரு பொம்மை

பிள்ளைகளை அச்சுறுத்தப் பேயும் பூதமுமா வேண்டும்? 1960 நவம்பர் 14ஆம் நாள், அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில், வெள்ளையர் மட்டுமே பயின்ற பள்ளியில் அடியெடுத்து வைத்தாள் ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி ரூபி பிரிட்ஜஸ். துணைக்கு நடுவண் அரசின் காவலர் நால்வர். வாயிலிலோ வசைமாரி! கறுப்புப் பொம்மையைச் சவப்பெட்டியில் கிடத்திக் காட்டினாள் ஒருத்தி. பெண்ணுள்ளம் மென்மையானது என்கிறோமே, நிறவெறி அதையும் விட்டுவைக்கவில்லை. வெள்ளையர் தம் மக்களை அழைத்துச் சென்றனர். ரூபியின் தந்தை வேலையிழந்தார். ஆளற்ற வகுப்பில் ஆண்டு முழுதும் அவள் ஒருத்திக்கே பாடம் சொன்னார் பார்பரா ஹென்றி என்னும் வெள்ளை ஆசிரியை. ஆசிரியத் தொழில் புரியும் நாம் அப்பெயரைப் பெருமையோடு உச்சரிக்கிறோம்.

அந்நாளில் ரூபியைச் சந்தித்த மனநல மருத்துவர் ராபர்ட் கோல்ஸ், 1995இல் அவள் கதையைப் படநூலாக்கினார். அதில் அவள், வசைபாடும் கும்பலுக்காகவே வேண்டுதல் செய்கிறாள். வேண்டுதலில் நமக்கு நம்பிக்கையில்லை. நாள்தோறும் அக்கும்பலைக் கடந்து நடந்தவை அச்சிறுமியின் கால்கள்.