காசநோய் ஆய்வில் திரள்பங்களிப்பு: திறந்தமுறை மருந்துக் கண்டுபிடிப்புத் திட்டத்தின் வரலாறு (2008–2012)

ஆய்வுச்சுருக்கம்

இந்தியாவின் அறிவியல், தொழிலக ஆராய்ச்சிக் குழுமம் 2008 செப்டம்பரில் தொடங்கிய திறந்தமுறை மருந்துக் கண்டுபிடிப்புத் திட்டம், காசநோய் ஆய்வில் மாணவர் திரளை ஈடுபடுத்தியது. அதன் பின்னணி, செயல்முறை, எல்லை ஆகியவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: திறந்த அறிவியல், திரள்பங்களிப்பு, காசநோய், மரபணுத்தொகை, உரிமம்.

முன்னுரை

காசநோய்க் கிருமியின் எச்37ஆர்வி வகையின் முழு மரபணுத்தொகை 1998இல் ‘நேச்சர்’ இதழில் வெளியாயிற்று. ஏறத்தாழ 44 இலட்சம் கார இணைகளும் 4000 மரபணுக்களும் அதில் அடங்கும். தரவு அனைவருக்கும் திறந்திருந்தும் புதிய மருந்து விரைவில் கிட்டவில்லை. 1960களில் உருவான ரிஃபாம்பிசினுக்குப் பின், புதிய முறையில் செயற்படும் பெடாகுவிலின் 2012 டிசம்பரில்தான் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இத்தேக்கத்திற்குக் காரணங்கள் இரண்டு. நோயாளருள் பெரும்பாலோர் ஏழைகளாதலின் மருந்து நிறுவனங்களுக்கு ஆதாயம் குறைவு. மேலும், பல மரபணுக்களின் பணி அறியப்படவில்லை; அறியப்பட்டவையும் எண்ணற்ற கட்டுரைகளில் சிதறிக் கிடந்தன.

திட்டமும் உரிமமும்

குழுமத்தின் அப்போதைய தலைமை இயக்குநர் சமீர் பிரம்மச்சாரி முன்னெடுத்த இத்திட்டம், திறந்தமூல மென்பொருள் இயக்கத்தை முன்மாதிரியாகக் கொண்டது. இணையத்தில் பதிவுசெய்து விதிகளை ஏற்ற எவரும் பங்கேற்க முடிந்தது. எனினும் இங்குத் திறந்தமை என்பது கட்டுப்பாடின்மை அன்று. பொதுத்தரவை மேம்படுத்துவோர் அம்மேம்பாட்டைச் சமூகத்திற்கே திருப்பியளிக்க வேண்டும் என உரிமம் விதித்தது. பலர் உழைப்பில் விளைந்ததை ஒருவர் தனியுடைமையாக்குவதைத் தடுப்பதே இதன் நோக்கம்.

மரபணு மறுவிளக்கம்

‘கனெக்ட் டு டீகோட்’ என்னும் முயற்சியில் நூற்றுக்கணக்கான மாணவர் இணைந்தனர். ஆய்வுக்கட்டுரைகளைப் படித்து, மரபணுக்களின் பணியையும் அவற்றின் புரதங்களுக்கு இடையிலான தொடர்பையும் பதிவுசெய்தனர். ஆய்வகச் சான்று எது, ஊகம் எது என்பதை உரைநடையிலிருந்து பிரித்தறிய வேண்டியிருந்ததால், இதனைக் கணினி நிரலிடம் மட்டும் விட இயலவில்லை.

மறுவிளக்கம் முடிந்ததென 2010 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. புரத வலையமைப்பினின்று மருந்து இலக்குகளை இனங்காணும் ஆய்வுக்கட்டுரை 2012இல் ‘பிளாஸ் ஒன்’ இதழில் வெளிவந்தது. இவ்விடைவெளி கருதத்தக்கது. பலர் கைபட்ட தரவு என்பதாலேயே அது நம்பகமாகிவிடாது. துறைவல்லுநர் மதிப்பாய்வின் தேவை திறந்த அறிவியலிலும் குறைவதில்லை.

எல்லை

திரளால் இலக்கை இனங்காண முடிந்தது. மருந்தை உறுதிப்படுத்த மருத்துவச் சோதனை வேண்டும். 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் வேதிமருத்துவ மையம் இதற்குச் சான்று. வீட்டுச் சிகிச்சை சானடோரியச் சிகிச்சைக்கு இணையான பயன் தரும் என அம்மையம் 1959இல் நிறுவியது. அம்முடிவு, நோயாளரை நெடுங்காலம் தொடர்ந்து கண்காணித்ததால் பெறப்பட்டது. அத்தகைய பணிக்குத் தன்னார்வலரின் ஓய்வுநேரம் போதாது. நிலையான நிதியும் நிறுவனப் பொறுப்பும் தேவை.

முடிவுரை

சிதறிய அறிவைத் தொகுப்பதில் திரள்பங்களிப்பு பயன்பட்டதை இத்திட்டம் காட்டுகிறது. தொகுத்த அறிவு நோயாளரைச் சென்றடைவதற்கான செலவை யார் ஏற்பது என்னும் வினாவிற்குத் திறந்த உரிமம் மட்டும் விடையாகாது.