அணை நீரும் ஊர்க்குளமும்

நாஞ்சில் நாட்டில் பிறந்தவன் எதைப் பற்றிப் பேசினாலும் பேச்சு ஈற்றில் தண்ணீரில் வந்து நிற்கும். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் கணிப்பொறி. அதுவும் இந்த விதிக்கு விலக்கன்று என்பதை நேயர்கள் சற்று நேரத்தில் காண்பார்கள்.

இனி வீட்டுக்கு வீடு கணிப்பொறி வாங்கி வைக்க வேண்டுமா? தொலைவில் ஒரு கூடத்தில் பெரும்பொறிகள் கணித்துத் தருவதை இணையத்தின் வழியே பெற்று, நம் திரையில் பார்த்துக்கொண்டால் போதாதா? மேகக் கணிமை என்பது இதுவே. வீட்டுத் தொலைக்காட்சியையே இவ்வகைக் கணிப்பொறியாகப் பயன்படுத்தும் சேவையை ஜியோ நிறுவனம் 2025-ஆம் ஆண்டில் கட்டணத்துக்கு வழங்கத் தொடங்கியது. ஆகவே இது வெறும் கற்பனைக் கேள்வி அன்று.

எண்ணம் பழையது. 1961-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து நூற்றாண்டு விழாவில் பேசிய ஜான் மெக்கார்த்தி, தொலைபேசியைப் போலக் கணிப்பும் ஒருநாள் பொதுச் சேவையாக அமையக்கூடும் என்றார். அன்று ஒரு பொறி ஓர் அறையை அடைத்துக்கொள்ளும். பலர் கூடிப் பங்கிட்டுக்கொள்வதன்றி வேறு வழியில்லை. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துக்கு 1973-இல் ஐ.பி.எம். 370/155 வந்த காலத்திலும், துளையிட்ட அட்டைக் கட்டுகளைக் கொடுத்துவிட்டு விடைக்குக் காத்திருப்பதே மாணவர் வழக்கம். பின்னர் நுண்செயலி தோன்றிற்று, பொறி சிறுத்தது, விலை இறங்கியது, கணிப்பொறி அவரவர் மேசைக்கே வந்து சேர்ந்தது.

மீண்டும் பழைய வழிக்குத் திரும்பும் முயற்சி நம் சென்னையிலேயே நடந்தது. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா முதலியோர் தோற்றுவித்த நோவேட்டியம் நிறுவனம், 2007-ஆம் ஆண்டை ஒட்டி 'நோவா நெட்பிசி' என்னும் மலிவான பெட்டியை வெளியிட்டது. பெட்டிக்குள் கைப்பேசிக்குரிய எளிய சில்லு. கணிப்பு வேலை முழுவதும் மையத்துப் பொறியில். கருத்து செம்மையானது, ஆயினும் வீடுதோறும் அது பரவவில்லை. தமிழ்நாடு அரசோ 2011 செப்டம்பர் 15 அன்று வேறு வழியைத் தொடங்கிற்று. மாணவர் கையில் மடிக்கணினியையே கொடுத்தது. பொறியைப் பொதுவில் வைப்பது ஒரு வழி. தனியே கொடுப்பது மற்றொரு வழி. இரண்டையும் நம் மாநிலம் பார்த்திருக்கிறது.

பொதுப்பொறிக்கு நியாயம் உண்டு. வீட்டுக் கணிப்பொறி நாளின் பெரும்பகுதி சும்மா கிடக்கிறது. சில ஆண்டுகளில் பழையதாகிறது. மையத்துப் பொறி ஓயாமல் உழைக்கிறது; பழுதும் பராமரிப்பும் நம் தலையில் விழுவதில்லை. தொலைவு ஒரு தடையோ என்றால் அதுவும் இல்லை. கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீட்டர் செல்லும். நாகர்கோவிலிலிருந்து 700 கிலோமீட்டர் இழைவழியே சென்னைக்குச் சென்று மீள, வினாடியின் நூற்றில் ஒரு பங்குகூட வேண்டுவதில்லை. தடை இருப்பது கடைசி வாய்க்காலில். அதாவது ஊரிலுள்ள கோபுரத்திலிருந்து வீட்டு முற்றம் வரையுள்ள சிறு தூரத்தில்.

இங்கேதான் தண்ணீர் வருகிறது. கோதையாற்றின் குறுக்கே 1897-இல் தொடங்கிய பேச்சிப்பாறை அணை 1906-இல் முடிந்தது. அணை வந்துவிட்டது, இனிக் குளம் எதற்கு என்று நம் முன்னோர் கேட்கவில்லை. அணை நீரைக் கால் வழியே கொணர்ந்து குளங்களில் நிரப்பினார்கள். கன்னிப்பூவும் கும்பப்பூவும் விளைவதற்கு இரண்டும் துணை நின்றன. மதகு திறக்கும் நாள் நம் கையில் இல்லை. முறைத் தண்ணீர் கடைவரம்புக்கு வந்து சேரப் பிந்தலாம். அந்த இடைவெளியில் பயிரைக் காப்பது ஊர்க்குளமே.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரி மாவட்டத்தைத் தாக்கியது. மீனவக் குடும்பங்கள் அடைந்த துயரத்தின்முன் வேறெதுவும் பெரிதன்று. அதற்கு அடுத்ததாக என் நினைவில் நிற்பது ஒரு சிறு காட்சி. மின்கம்பங்கள் சாய்ந்து எங்கள் தெரு நாட்கணக்கில் இருளில் கிடந்தது. கைப்பேசியில் தொடர்பு இல்லை. பக்கத்து வீட்டுப் பெண் கல்லூரித் திட்டக் கட்டுரையை முடிக்க வேண்டியிருந்தது. அரசு தந்த மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு, ஜெனரேட்டர் ஓடிய கோயில் மண்டபத்துக்குச் சென்று மின்னேற்றி வந்து எழுதினாள். அவள் எழுதியதெல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருந்தது. அது தொலைதூரக் கூடத்தில் இருந்திருந்தால், ஜெனரேட்டர் ஒளி தந்திருக்குமேயன்றிக் கட்டுரையைத் தந்திராது.

இயற்கைதான் மதகை அடைக்கும் என்பதில்லை, உடையவரும் அடைக்கலாம். கூகுள் நிறுவனம் 2019-இல் தொடங்கிய 'ஸ்டேடியா' என்னும் விளையாட்டுச் சேவை 2023 ஜனவரி 18-இல் மூடப்பட்டது. வாங்கிய விளையாட்டுகளுக்குப் பணம் திரும்பக் கிடைத்தது, விளையாட்டு கிடைக்கவில்லை. பிறர் பொறியில் வாழும் பொருள் பிறர் விருப்பத்தில் வாழ்கிறது.

ஆகவே என் முடிவு இது. பெரும் கணிப்புக்கும், நாள்தோறும் வேண்டாத வேலைக்கும், பழைய பெட்டியுடையவர்க்கும் மேகக் கணிமை நல்ல அணை. அதை மறுப்பது பேதைமை. ஆனால் அது சொந்தப் பொறியின் இடத்தைப் பிடித்துக்கொள்ளலாகாது. அதற்கு நீரூட்ட வேண்டும். பள்ளிக்கும் மாணவர்க்கும் பொறி கொடுப்பதா, மாதக் கட்டணம் கட்டிக் கொடுப்பதா என்று முடிவெடுப்போர், தலைமடையில் நின்று கணக்குப் பார்க்காமல், ஒரு மழைநாளில் கடைவரம்புக்கு வந்து பார்க்க வேண்டும். தன் எழுத்தைத் தன் கையில் வைத்துக்கொள்ளும் அளவுக்கேனும் ஒரு சிறு பொறி ஒவ்வொரு மாணவரிடமும் இருக்கட்டும். அணை பெரிதாகட்டும், குளத்தைத் தூர்த்துவிட வேண்டாம்.