ஃபியூல் பம்ப் இடம்பெயர்ந்த வரலாறு

இந்திய மோட்டார் வாகன வரலாற்றைப் பெரும்பாலும் ஆலைகளின் வரலாறாகவே எழுதிவந்திருக்கிறோம். எந்த ஆண்டில் எந்தக் கார் வெளிவந்தது என்பதோடு அது நின்றுவிடுகிறது. ஒரு சிறு உறுப்பின் இடமாற்றத்தைப் பின்தொடர்ந்தால் வேறொரு வரலாறு புலப்படும். எஞ்சினின் பக்கவாட்டில் இருந்த ஃபியூல் பம்ப் பெட்ரோல் டேங்குக்குள் சென்றதே அந்த இடமாற்றம்.

வங்காளத்தின் உத்தர்பாராவில் 1957-இல் உருவான அம்பாசடரும், 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800-உம் கார்புரேட்டர் வண்டிகளாகவே பிறந்தவை. அக்காலக் கார்களில் பரவலாக இருந்தது, கேம்ஷாஃப்ட் இயக்கும் டயாஃப்ரம் பம்ப். அது பின்புற டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சியது. உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறைவதால் பெட்ரோல் எளிதில் ஆவியாகும். மலைச்சாலையில் வண்டி நின்றுபோனதற்கும், ஓட்டுநர் பம்பின்மேல் ஈரத்துணி சுற்றிக் காத்திருந்ததற்கும் காரணம் இதுவே. ஆயினும் அந்தப் பம்ப் கண்ணுக்குத் தெரிந்தது, கைக்கு எட்டியது. கிழிந்த டயாஃப்ரத்தைச் சாலையோரத்திலேயே மாற்ற முடிந்தது.

எம்.சி. மேத்தா 1985-இல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1999 ஏப்ரலில் பிறப்பித்த ஆணை, தலைநகர வட்டாரத்தின் புதிய தனியார் கார்களுக்கு யூரோ நெறிகளைக் கட்டாயமாக்கியது. கார்புரேட்டர் விரைவாக விடைபெற்றது, எம்.பி.எஃப்.ஐ. வந்தது. கார்புரேட்டரின் ஊசி வால்வு ஏறத்தாழ 0.3 பார் அழுத்தத்தையே தாங்கும். இன்ஜெக்டருக்கோ சுமார் 3 பார் வேண்டும். இதற்கு மின்பம்ப் தேவைப்பட்டது. அது டேங்குக்குள்ளேயே பெட்ரோலில் மூழ்கி, அதனாலேயே குளிர்ந்து, எரிபொருளை உறிஞ்சாமல் தள்ளுகிறது. அழுத்தத்தில் இருக்கும் பெட்ரோல் எளிதில் ஆவியாவதில்லை.

இவ்விரு காலங்களும் நேருக்குநேர் மோதும் இடம் எஞ்சின் மாற்றுப் பட்டறை. பழைய காரில் இன்ஜெக்ஷன் எஞ்சினை ஏற்றுபவர், எஞ்சினைவிட டேங்கோடுதான் அதிகம் போராடுகிறார். உள்ளே பம்பைச் சுற்றிப் பெட்ரோலைத் தேக்கிவைக்கும் கிண்ணம் பழைய டேங்கில் இல்லை. பெட்ரோல் குறைந்த நிலையில் வளைவில் திரும்பினால் பம்ப் காற்றை இழுக்கும். கார்புரேட்டரின் மிதவை அறையைப் போன்ற சேமிப்பு இல்லாததால் எஞ்சின் உடனே திணறும். மிகுதிப் பெட்ரோல் திரும்பிவரத் தனிக்குழாயும் பெரும்பாலும் தேவைப்படும். பம்பை இறக்க டேங்கின் மேற்பரப்பை வெட்டவேண்டும். காலியான டேங்க் நிறைந்த டேங்கைவிட ஆபத்தானது; எஞ்சிய ஆவி காற்றோடு கலந்திருக்க, ஒரு பொறி போதும். வெல்டிங்குக்குமுன் டேங்கைப் பலமுறை கழுவி நீர் நிரப்பும் வழக்கம் இந்த அச்சத்திலிருந்தே பிறந்தது.

இவ்வறிவு எந்தக் கையேட்டில் பதிவானது? சட்டமும் அதைப் பதிவுக்கு வெளியே நிறுத்தியது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு 2000-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் இறுகியது. உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றலாகாது என்பதை உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் உறுதிசெய்தது. பொதுப் பாதுகாப்பு நோக்கில் இதற்கு நியாயம் உண்டு. ஆனால் அனுமதிக்கப்படாத வேலைக்கு ரசீது இராது. ரசீது இல்லாத வேலைக்கு ஆவணக்காப்பகமும் இராது.

தூய காற்றைத் தந்த மாற்றத்தை நான் குறைகூறவில்லை. பம்ப் டேங்குக்குள் சென்றபோது, பழுதுபார்க்கும் உரிமையின் ஒரு பகுதியும் மூடிக்குள் சென்றது என்பதையே சுட்டுகிறேன். டயாஃப்ரம் மாற்றிய தலைமுறை இன்று முதுமையில் இருக்கிறது. தொழில்நுட்ப வரலாறு பயிலும் மாணவர்கள் ஆலைகளின் ஆண்டறிக்கைகளுக்குமுன் அவர்களது பட்டறை வாசலுக்குச் செல்லவேண்டும். காப்பகம் காத்திருக்கும், அவர்கள் காத்திருக்கமாட்டார்கள்.