இராசராசப் பெரும்பள்ளியும் தமிழ்ப் பிக்குகளின் சமயக் கல்வியும்

இராசராசப் பெரும்பள்ளி என்பது திருகோணமலை நகருக்கு வடமேற்கே, பெரியகுளத்தருகே உள்ள வெல்கம் விகாரைக்குச் சோழராட்சியில் வழங்கிய பெயர். அவ்வூர்த் தமிழர் இதை நாதனார் கோவில் என்றனர். இலங்கையில் தமிழ் பௌத்தர் தம்முடையதாகப் போற்றிய விகாரைகளுள் கல்வெட்டுச் சான்று மிகுந்தது இதுவே. பிச்சையேற்று வாழ்ந்த துறவிகள் இந்தக் கரையிலும் எதிரே சோழநாட்டுக் கரையிலும் சமயநூல் கற்ற வரலாற்றில் இப்பள்ளிக்குத் தனி இடம் உண்டு.

அந்தக் கல்வி சோழருக்கு நெடுங்காலம் முற்பட்டது. 5ஆம் நூற்றாண்டினரான புத்ததத்தர் உறையூரைச் சேர்ந்தவர். அநுராதபுர மகாவிகாரையில் கற்றுத் திரும்பி, காவிரிப்பூம்பட்டினத்தில் அபிதம்மாவதாரத்தையும், பூதமங்கலத்தில் விநயவினிச்சயத்தையும் பாளியில் இயற்றினார். விரிந்துகிடந்த உரைகளைச் செய்யுளாகச் சுருக்கியதே அவர் செய்த பெரும்பணி. ஏடு அரிதாயிருந்த காலத்தில் மாணவன் முதலில் மனப்பாடம் செய்தான். பொருளை ஆசிரியர் பிறகு விரித்தார். மூலம், அதன்மேல் அட்டகதை, அதன்மேல் டீகா என்று உரைக்கு உரை வளர்ந்தது இந்த முறையால்தான். சூத்திரம், உரை, உரைவிளக்கம் என்று பழகிய தமிழ் வாசகருக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

திருகோணமலைக்கு வடக்கே திரியாயில் கிரிகண்டிச் சைத்தியத்தைப் போற்றும் பாறைக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. மொழி சமற்கிருதம், எழுத்து பல்லவ கிரந்தம். போதிசத்துவர்களான அவலோகிதேசுவரரையும் மஞ்சுசிரியையும் அது துதிக்கிறது. ஆகவே மகாயானக் கொள்கையும் இந்தக் கடற்கரைக்கு 8ஆம் நூற்றாண்டளவில் வந்துசேர்ந்திருந்தது. வணிகர் வந்த கடல்வழியில் நூல்களும் வந்தன.

சோழர் 993 அளவில் இலங்கையின் வடபகுதியைக் கைப்பற்றியபோது வெல்கம் விகாரை ஏற்கெனவே பழைமையானது. அவர்கள் அதை அழிக்கவில்லை. தம் அரசன் பெயரைச் சூட்டி வளர்த்தார்கள். அங்கே கிடைத்த தமிழ்க் கல்வெட்டுகள் முதலாம் இராசராசன், இராசேந்திரன் காலத்தவை. நொந்தா விளக்கு, பசு, எருமை, காசு எனக் கொடைகளைப் பதிவுசெய்கின்றன. உழைத்து உண்ணாத துறவிகள் நூலோடு அமர்ந்திருக்க இத்தகைய நிலையான கொடை வேண்டும். நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரையும் இராசராசப் பெரும்பள்ளி என்றே பெயர் பெற்றது; ஆனைமங்கலம் அதற்கு அளிக்கப்பட்ட ஊர். கடலின் இரு கரையிலும் ஒரே பெயரில் இரு பள்ளிகள் இருந்தன என்பதை நம் பாடநூல்கள் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும்.

இலங்கையில் சோழராட்சி 1070இல் முடிந்தது. பிறகு இலங்கை அரசன் முதலாம் பராக்கிரமபாகு 1165இல் பிக்குகளின் மூன்று பிரிவுகளான நிகாயங்களை ஒன்றிணைத்தான். அவன் வெளியிட்ட கதிகாவதம் என்னும் ஒழுங்குவிதி பொலன்னறுவைக் கல்விகாரையில் பொறிக்கப்பட்டது. நூற்கல்வியில் நிற்கும் பிக்கு குறைந்தது துறவொழுக்க நூல்களான குத்தசிக்காவையும் பாதிமோக்கத்தையும் மனப்பாடம் செய்ய வேண்டும் என்பது அதில் ஒரு விதி. தியானத்தில் நிற்போருக்குத் தனி ஏற்பாடு இருந்தது.

பொலன்னறுவைச் சாரிபுத்தர் துறவொழுக்க விதிகளான விநயத்துக்குச் சாரத்ததீபனி என்னும் உரை எழுதினார். சோழநாட்டுக் காசியபர் விமதிவினோதனியில் அதைச் சில இடங்களில் மறுத்தார். அறியாமல் மது அருந்திய பிக்குவின் குற்றம் எத்தகையது என்பது இரு கரையாருக்கும் இடையே நடந்த வாதங்களுள் ஒன்று. தமிழ்ப் பிக்குகள் இலங்கையிலிருந்து கற்றதோடு நில்லாமல் அதன் ஆசிரியர்களோடு சமமாக வாதிட்டார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1215இல் கலிங்க மாகன் இலங்கைமீது படையெடுத்தபோது விகாரைகள் கொள்ளைபோயின, ஏடுகள் சிதறின என்று இலங்கை வரலாற்று நூலான சூளவம்சம் வருந்துகிறது. 1236இல் முடிசூடிய இரண்டாம் பராக்கிரமபாகு, அறுந்த கல்வியை மீட்கச் சோழநாட்டுக்குக் காணிக்கை அனுப்பி, திரிபிடகம் கற்ற பிக்குகளை வரவழைத்தான். எதிர்த்திசையிலும் கல்வி சென்றது: சோழியர் எனப்பட்ட புத்தப்பிரியர் இலங்கை ஆனந்த தேரரிடம் பயின்றவர். பாளி இலக்கணமான ரூபசித்தியை எழுதினார்.

ஏறத்தாழ அதே ஆண்டுகளில் ஐரோப்பாவின் பிச்சைத் துறவிகளும் ஆசிரியராயினர். தொமினிக்கர் 1217இல் பாரிசுக்குச் சென்றனர். அவர்களுள் கிரெமோனா ரோலாந்து 1229இல் அங்கே இறையியல் ஆசிரியரானார். செபத்தின் உணர்வு அணையாதிருக்குமானால் சகோதரர்களுக்கு இறையியல் கற்பிக்கலாம் என்று அசிசி பிரான்சிசு பதுவை அந்தோனியாருக்கு இசைவு தந்தார். நூலா தியானமா என்று கதிகாவதம் எதிர்கொண்ட அதே சிக்கல்தான் அங்கும்.

பெரும்பள்ளி சிங்களருடையதா தமிழருடையதா என்ற வழக்கு இந்த வரலாற்றுக்குப் பொருந்தாது. சிங்கள அரசன் நிசங்கமல்லன் கல்வெட்டும் வெல்கம் விகாரையைக் குறிப்பிடுகிறது. தமிழ்க் கல்வெட்டுகளும் அங்கேயே நிற்கின்றன. திருகோணமலைக்குப் போகிறவர்கள் கோணேசரையும் கன்னியா வெந்நீரூற்றையும் கண்டு திரும்பிவிடாமல், பெரியகுளம்வரை சென்று அந்த எழுத்துகளையும் பார்க்க வேண்டும்.