பெட்டியடியும் செயற்கை நுண்ணறிவும்

மாணவர்களே, செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. இனி எங்களுக்கு வேலை உண்டா? பள்ளி இறுதி வகுப்பினரும் கல்லூரியில் பயில்வோரும் இன்று பெரியோரிடம் கேட்கும் வினா இது. வரலாறு கற்பிப்பவனுக்கு எதிர்காலத்தைக் கூறும் ஆற்றல் இல்லை. நேற்று நடந்ததைக் காட்டி இன்று நடப்பதை விளங்க வைப்பதே அவன் பணி. சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூரில் முப்பத்து நான்கு ஆண்டுகள் கணக்கும் வரலாறும் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். ஆதலின், இவ்வினாவுக்கு விடை தேட எங்கள் வட்டாரத்து வணிக வரலாற்றையே துணைக்கொள்கின்றேன்.

திருப்பத்தூரிலிருந்து காரைக்குடி செல்லும் வழியில் வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டி என்னும் ஊர்கள் உள்ளன. நாட்டுக்கோட்டை நகரத்தாரின் ஒன்பது கோயில்களுள் இரண்டு இவ்வூர்களில் விளங்குகின்றன. வானத்தையும் கண்மாய் நீரையும் நம்பிய வறண்ட பூமி இது. இப்பூமியிலிருந்து புறப்பட்டு நகரத்தார் இலங்கை, பர்மா, மலாயா, சிங்கப்பூர், சைகோன் ஆகிய இடங்களில் கடை வைத்தனர். 1852ஆம் ஆண்டுப் போருக்குப் பின் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமாயிற்று. 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. ஐராவதி ஆற்றுச் சமவெளியில் காடு திருத்தி நெல் விளைவிக்க உழவர் விரைந்தனர். அவர்களுக்கு வேண்டிய முதலை நகரத்தார் கடைகள் கடனாகக் கொடுத்தன. பர்மாவில் ஏறத்தாழ 1,650 நகரத்தார் கடைகள் இருந்தன என்றும், அவை ஈடுபடுத்தியிருந்த முதல் சுமார் 75 கோடி ரூபாய் என்றும் 1929-30இல் அமைந்த பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது.

இத்துணைப் பெரிய வணிகத்தை நடத்தியவர்கள் எங்கே பயின்றார்கள்? அவர்களுக்கு வணிகக் கல்லூரி இருந்ததில்லை. அவர்கள் பயின்ற இடம் கடையின் பெட்டியடி.

கடை என்றவுடன் பல அறைகள் கொண்ட மாளிகையை எண்ணிவிடாதீர்கள். ஒரு கூடம், தரையில் விரித்த பாய், அதன்மேல் ஒரு மரப்பெட்டி; பெட்டியே மேசை, பெட்டியே பணப்பேழை. முதலாளி பெரும்பாலும் செட்டிநாட்டில் தம் ஊரில் இருப்பார். கடல் கடந்த கடையை மேலாள் நடத்துவார். அவரை ஏஜெண்டு என்றும் அழைப்பர். அவருக்குக் கீழே அடுத்தாள். எல்லோருக்கும் கீழே பெட்டியடிப் பையன். மேலாள் மூன்றாண்டுத் தவணைக்குச் சம்பளச் சீட்டு எழுதிக்கொண்டு கப்பல் ஏறுவார். தவணை முடிந்ததும் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புவார்.

பெட்டியடிப் பையன் பத்துப் பன்னிரண்டு வயதினன். கடையைக் கூட்டுவது, கடிதம் கொண்டு கொடுப்பது, எடுபிடி வேலைகள் செய்வது அவன் பொறுப்பு. இவற்றோடு குறிப்பிலிருந்து பேரேட்டுக்குப் பற்று வரவைப் பெயர்த்தெழுதுவான், வட்டி கணக்கிடுவான், ஐந்தொகை எடுக்கும்போது உடனிருந்து கூட்டிச் சரிபார்ப்பான். திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை மனப்பாடம் செய்தவன் அவன். நான்கு முந்திரி ஒரு காணி, நான்கு காணி ஒரு மா என்று பின்னங்கள் அவன் நாவில் புரளும். நூற்றுக்கு மாதம் முக்கால் ரூபாய் வட்டியில், 2,400 ரூபாய்க்கு 40 நாள் வட்டி என்ன என்று கேட்டு முடிப்பதற்குள் 24 ரூபாய் என்பான்.

அவனுடைய கணக்கு வேலையில் பெரும்பகுதி சலிப்பூட்டும் வேலை. ஆனால் அவ்வேலையைச் செய்யும்போதே அவன் வேறொன்றையும் கற்றான். பெயர்த்தெழுதும் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு மனிதன் இருப்பதைக் கண்டான். யார் தவணை தவறாமல் கொடுக்கிறார், யார் வாய்தா கேட்கிறார், மேலாள் எவரிடம் கண்டிப்புக் காட்டுகிறார், எவருக்கு விட்டுக்கொடுக்கிறார் என்பவற்றையெல்லாம் பெட்டியடியில் இருந்தபடியே கவனித்தான். இரங்கூன் நகரத்து நகரத்தார் மாதந்தோறும் கோயிலில் கூடி நடப்பு வட்டியை முடிவு செய்த முறையை அங்கேயே அறிந்தான். சில ஆண்டுகளில் அவன் அடுத்தாள் ஆனான். பின்னர் மேலாள் ஆனான். திறமையும் கைம்முதலும் சேர்ந்தால் தானே கடை வைத்தான். பெட்டியடி அவனுக்கு ஏணியின் முதற்படியாக அமைந்தது.

இவ்வரலாற்றில் இருண்ட பகுதியும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. 1930க்குப் பின் உலகெங்கும் பொருளாதார மந்தம் சூழ்ந்தது. நெல் விலை சில ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதியாயிற்று. உழவர்களால் கடனைத் திருப்ப இயலவில்லை. ஈடு வைத்த நிலங்கள் கடைகளின் கைக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் நகரத்தார் வசமிருந்த நிலம் 1930இல் 6 விழுக்காடு. 1938க்குள் அது 25 விழுக்காடாக உயர்ந்தது. நிலம் இழந்த உழவர்களின் துயரம் பகையாக வளர்ந்தது. 1942இல் சப்பானியப் படையெடுப்பின்போது பலர் உடைமைகளை விட்டுவிட்டு ஊர் திரும்பினர். 1948இல் பர்மிய அரசு நிலங்களைத் தேசிய உடைமையாக்கச் சட்டம் இயற்றியது. பேரேட்டில் காசும் பிசகவில்லை. ஐந்தொகை சரியாகவே இருந்தது. ஆயினும் நாளை நெல் விலை இவ்வாறு சரியும் என்று பழைய பேரேடு எதுவும் சொல்லவில்லை. இதை மனத்தில் இருத்துங்கள். மீண்டும் இதற்கு வருவோம்.

காலம் மாறியது. 1937 பிப்ரவரி 10ஆம் நாள் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை நிறுவினார். காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்று இடங்களிலும் ஒருசேரக் கிளைகள் திறக்கப்பட்டன. பெட்டியடியின் இடத்தை வங்கி எழுத்தரின் நாற்காலி பெற்றது. 1969இல் அவ்வங்கி நாட்டுடைமையாயிற்று. அப்போதும் கணக்கு கையாலேயே எழுதப்பட்டது. கணிப்பொறி வந்தால் வேலை போகும் என்று அஞ்சிக் கல்கத்தாவில் ஆயுள் காப்பீட்டுக் கழக ஊழியர் 1960களிலேயே கிளர்ச்சி செய்தனர். வங்கிகளை இயந்திரமயமாக்குவது குறித்து ரங்கராஜன் குழு 1984இல் அறிக்கை தந்தது. அதன் பின் பேரேடுகள் படிப்படியாகக் கணிப்பொறிக்குள் புகுந்தன. வட்டி கணக்கிடும் வேலை மனிதனை விட்டு நீங்கியது. எனினும் அன்று எழுத்தரின் நாற்காலி அடியோடு மறையவில்லை. கணிப்பொறி கூட்டலைச் செய்தது. கடிதம் எழுதுவதும், மனுவைப் படித்துச் சுருக்கித் தருவதும், வந்தவருக்கு விளக்கம் கூறுவதும் இளைஞரிடமே இருந்தன.

இப்போது வந்துள்ள பொறி இந்த வேலைகளிலேயே கை வைக்கிறது. செயற்கை நுண்ணறிவு என்னும் பெயர் புதிதன்று. அமெரிக்க அறிஞர் ஜான் மெக்கார்த்தியும் அவர்தம் தோழரும் 1955இல் எழுதிய ஆய்வுத் திட்டத்தில் அப்பெயர் இடம்பெற்றது. 2022 நவம்பர் 30ஆம் நாள் சாட்ஜிபிடி பொதுமக்கள் பயன்பாட்டுக்கு வந்தபோதுதான் அது ஊரெங்கும் பேச்சாயிற்று. அதன் அடிப்படையை எளிதாகவே விளக்கலாம். மனிதர் எழுதி வைத்த அளவிறந்த சொற்களைப் பொறி பயில்கிறது. ஒரு தொடரில் அடுத்து வரத்தக்க சொல் எது என்று கணிக்கிறது. இக்கணிப்பை மீண்டும் மீண்டும் செய்து கடிதம் வரைகிறது, அறிக்கையைச் சுருக்குகிறது, கணிப்பொறி நிரலும் எழுதுகிறது. பெட்டியடியில் தொடங்கி வங்கி நாற்காலி வரை, இளைஞர் செய்து பழகிய பயிற்சி வேலைகள் பலவற்றை அது நொடியில் முடித்து விடுகிறது.

இதனால் விளைவது என்ன? இரண்டு ஆய்வுகளை அருகருகே வைத்துக் காண்போம். வாடிக்கையாளரின் ஐயங்களுக்கு விடையளிக்கும் 5,179 பணியாளர்களை ஆராய்ந்து எரிக் பிரின்யால்ஃப்சன், டேனியல் லீ, லிண்ட்சி ரேமண்ட் ஆகிய மூவர் 2023இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். செயற்கை நுண்ணறிவு அருகிருந்து குறிப்புத் தந்தபோது, ஒரு மணி நேரத்தில் அவர்கள் தீர்த்து வைத்த குறைகள் சராசரியாக 14 விழுக்காடு கூடின. புதியவர்களிடமோ உயர்வு 34 விழுக்காடாக இருந்தது. பழுத்த அனுபவம் உடையோரிடம் மிகச் சிறிய மாற்றமே தென்பட்டது. தேர்ந்தவர் கைக்கொண்ட முறைகளைப் பொறி கற்றுப் புதியவருக்கு எடுத்துக் கொடுத்தது என்பது ஆய்வாளர் கருத்து. இங்கே பொறி, பெட்டியடிப் பையன் அருகே அமர்ந்து சொல்லிக் கொடுக்கும் மேலாளைப் போல விளங்கியது.

மற்றோர் ஆய்வு 2025 ஆகஸ்டு மாதம் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. அதிலும் பிரின்யால்ஃப்சன் பங்கு கொண்டார். அமெரிக்கச் சம்பளப் பதிவேடுகளை ஆராய்ந்த அவ்வாய்வு, இப்பொறியின் தாக்கம் மிகுந்த தொழில்களில் 22 முதல் 25 வயது வரை உள்ளோரின் வேலைவாய்ப்பு 2022ஆம் ஆண்டின் இறுதிக்குப் பின், ஏனைய தொழில்களோடு ஒப்பிட, 13 விழுக்காடு குறைந்ததாகக் கூறுகிறது. அதே தொழில்களில் மூத்தோரின் வேலை நிலைத்து நின்றது. மனிதனுக்குப் பதிலாகப் பொறியை வைத்த இடங்களில்தான் இளையோர் வேலை குறைந்தது. மனிதனுக்குத் துணையாக வைத்த இடங்களில் அக்குறைவு காணப்படவில்லை. இக்குறைவுக்குக் காரணம் பொறி ஒன்றுதானா என்பது பற்றி அறிஞரிடையே வாதம் தொடர்கிறது. எனினும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இது.

ஒரே வகைப் பொறி. ஓரிடத்தில் பையனுக்கு ஆசிரியனாகிறது, மற்றோரிடத்தில் அவனது இடத்தையே எடுத்துக்கொள்கிறது. எதுவாக இருக்க வேண்டும் என்பதைப் பொறி முடிவு செய்வதில்லை. முதலாளி முடிவு செய்கிறார். செட்டிநாட்டு முதலாளி பெட்டியடிப் பையனை வைத்துக்கொண்டது தருமத்துக்காக அன்று. இன்று இப்பையன் இல்லாவிடில், பத்தாண்டு கழித்துத் தம் கடைக்கு மேலாள் கிடைக்கமாட்டார் என்பதை அவர் அறிந்திருந்தார். பையனுக்குச் செலவிட்ட பணம் அவருக்கு விதைநெல். இளையோரை அமர்த்தாமல் பொறியைக் கொண்டே வேலையை முடித்துக்கொள்ளும் நிறுவனம், இவ்வாண்டு ஐந்தொகையில் இலாபம் காட்டலாம். விதைநெல்லை உண்டவனுக்கு அடுத்த போகம் ஏது?

பொறி இருக்கும்போது நாளைக்கு மேலாள் எதற்கு என்று சிலர் வினவக்கூடும். அவர்களுக்கு 1930ஆம் ஆண்டு விடை கூறும். பொறி பயின்றதெல்லாம் நேற்றைய பேரேடு. நேற்றுப் போலவே இன்றும் இருக்கும்வரை அது நன்கு கணிக்கும். உலகம் திடீரெனத் தடம் மாறும் நாளில், பழைய எழுத்து மட்டும் போதாது. கடனைக் கேட்பதா, தவணையை நீட்டுவதா, நிலத்தை எடுப்பதா, எடுத்தால் அவ்வுழவன் குடும்பம் என்னாகும் என்று எண்ணி, அம்முடிவுக்குப் பொறுப்பேற்கும் மனிதன் வேண்டும். பர்மாவில் அனுபவம் மிக்கோரே இதில் தடுமாறினர் என்றால், பயிற்சியே இல்லாத தலைமுறை என்ன செய்யும்?

இதனால் நான் பொறியை வெறுக்கிறேன் என்று கொள்ள வேண்டா. சிற்றூர் வணிகருக்கு அது தரும் நன்மை பெரிது. காரைக்குடிக் கண்டாங்கிச் சேலை 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. அதனை நெய்து விற்பவர் ஒருவர் அயல்நாட்டாருக்கு நல்ல ஆங்கிலத்தில் கடிதம் எழுத முன்பு பிறரை நாட வேண்டும். இன்று தமிழில் கருத்தைச் சொல்லி, கடிதத்தைப் பொறியிடம் பெறலாம். இந்திய மொழிகளுக்குள் மொழிபெயர்க்கப் பாஷிணி என்னும் திட்டத்தை நடுவண் அரசு 2022இல் தொடங்கியது. பெருமுதல் உடையோர் மட்டும் பெற்ற உதவியைச் சிறு கடைக்காரரும் பெறும் காலம் இது. புதுத் தொழில் காணும் துணிவுள்ள இளைஞனுக்கு இவ்வழி திறந்தே உள்ளது.

மாணவர்களே, உங்கள் பங்கு யாது? பொறி செய்து தரும் என்பதற்காகப் பயிற்சியைக் கைவிடாதீர்கள். கட்டுரையை முதலில் நீங்கள் எழுதுங்கள். பின்னர்ப் பொறியின் கட்டுரையோடு ஒப்பிடுங்கள். கணக்கை முதலில் நீங்கள் போடுங்கள். பின்னர் அதன் விடையைச் சரிபாருங்கள். தானே ஒருமுறை ஐந்தொகை எடுத்துப் பார்த்தவனுக்கே பிறர் எடுத்த ஐந்தொகையில் பிழை தெரியும். வேலைக்குச் செல்லும்போது, சம்பளம் எவ்வளவு என்று கேட்பதோடு, இங்கே எனக்குக் கற்பிப்பவர் யார் என்றும் கேளுங்கள். வணிகரும் அரசினரும் புதிதாக வருவோர்க்குப் பயிற்சி இடங்களை ஒதுக்கிக் காக்க வேண்டும். தொழில் பழகுநர்க்கென 1961ஆம் ஆண்டிலேயே நம் நாடு ஒரு சட்டம் இயற்றியுள்ளது. தொழிற்சாலைகளைப் போலவே, பொறியறிவு புகுந்த அலுவலகங்களிலும் அதன் நோக்கம் முழுமையாக நிறைவேற வேண்டும்.

இனி வேலை உண்டா என்ற வினாவுக்கு வருவோம். வேலை உண்டு, அதன் உருவம் மாறும். அதற்கு ஏறிச் செல்லும் முதற்படியைக் காப்பது, ஏற்கெனவே ஏறி மேலே நிற்பவர்களின் கடமை. படியின்மீது உறுதியாகக் கால் வைப்பது உங்கள் கடமை.